ஆவூர் வெயிலுக்கு ஒரு கண்ணாடிச் சிலுவை

ஆவூர் தைரியநாதன், மனைவியை ஊரில் விட்டுவிட்டு, பெங்களூரில் கண்ணாடி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். 1963 மாசியில், அவர் ஒருமுறைகூடப் பார்த்திராத இரண்டு மாத மகள் சந்தனமேரி காய்ச்சலில் போய்விட்டாள். தந்தி தாமதமாகக் கிடைத்தது. ஊர் வந்து சேர்ந்தபோது குழியை மூடியிருந்தார்கள்.

கையில் ஏந்தாத பிள்ளைக்குத் தன் கையால் எதையாவது செய்துவிட வேண்டும் என்று அவர் மனம் கிடந்து தவித்தது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் செலீனியம்; கந்தகத்துக்கு உறவான பொருள். உருக்கிக் குளிரவைத்தால் கருங்கண்ணாடியாகும், மெல்லிய ஓரத்தில் வெளிச்சம் பட்டால் ரத்தச் சிவப்பாகத் தெரியும். அதில் சாண் உயரத்துக்கு ஒரு சிலுவை வார்த்து, ஈஸ்டருக்கு வந்தபோது கல்லறையில் நட்டார். பெங்களூர்க் குளிரில் விறைப்பாக நின்ற சிலுவை, சித்திரை வெயிலில் ஒரே வாரத்தில் இரண்டு கைகளையும் தொங்கவிட்டது.

"என்ன தம்பி, பெங்களூருச் சரக்கும் நம்ம வெயிலுக்குத் தலை கவுந்திருச்சே!" என்றார் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் மைக்கேல்சாமி. தைரியநாதனும் சிரித்துவைத்தார்.

திரும்பிப் போனதும் ஆர்செனிக் கலந்து உருக்கினார். தனித்தனி இழைகளாகக் கிடக்கும் செலீனியத்தை அது குறுக்கே பிணைத்துவிடும். அதன் அளவு ஏற ஏறக் கண்ணாடி கடினப்பட்டது. கொதிநீரில் போட்டு வைத்தாலும் இளகாத ஒன்று கடைசியில் கிடைத்தது.

நவம்பரில், இறந்தவர்களை நினைக்கும் கல்லறைத் திருநாளன்று, அதை நட்டார். அவர் மனைவி மரிய செல்வி, எல்லாரையும் போல, சிலுவையின் காலடியிலேயே மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்தாள். சற்று நேரத்தில் 'டிக்'கென்று ஒரு சத்தம். சிலுவை குறுக்காக விரிசல் விட்டு இரண்டாக விழுந்தது.

"வெயிலை மட்டும் நெனச்சுட்டேன், மெழுகுவர்த்தி ஞாபகம் வரலை" என்றார் அவர். "ஒரு பக்கம் மட்டும் திடீர்னு சூடேறினா இந்தக் கண்ணாடி தாங்காது. ஆர்செனிக்கைக் கொஞ்சம் கொறைச்சா..."

"என்னங்க."

அவர் நிறுத்தினார்.

"வர்றப்பல்லாம் கண்ணாடியப் பத்தியே பேசுறீங்க. அவ எப்பிடி இருந்தான்னு ஒரு தடவையாச்சும் கேட்டீங்களா?"

உடைந்த துண்டுகளைத் துணியில் பொறுக்கிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. துணியைக் கீழே வைத்துவிட்டு, "எப்பிடி இருந்தா?" என்றார்.

"ஒங்க காதுதான். ரெண்டும் வெடைச்சுக்கிட்டு நிக்கும்."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். தும்மினால் தானே பயந்து அழுவாளாம். விளக்கையே பார்த்துக்கொண்டிருப்பாளாம். இரண்டு மாதப் பிள்ளையைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? மெழுகுவர்த்தி பாதி எரிவதற்குள் சொல்லி முடித்துவிட்டாள்.