ஏழு வருடமாக ஒரே வார்த்தை

மாத்தளை பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள மூன்று சாப்பாட்டுக் கடைகளுக்குத் தினமும் இடியப்பம் போடுகிறவர் கிருஷ்ணம்மா. வயது ஐம்பத்தாறு, வாய் கொஞ்சம் நீளம், மனசு வெள்ளை. அவரைப் பற்றி அவருடைய சபையில் ஒரு மனக்குறை உண்டு. வருடத்தின் முதல் ஞாயிறன்று ஆளுக்கொரு வார்த்தையை ஜெபித்துத் தெரிந்துகொண்டு, அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டி, வருடம் முழுக்க அதன்படி நடக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். மற்றவர்கள் நன்றி, பொறுமை, துணிவு என்று ஆண்டுக்கொன்றாகத் தாவிக்கொண்டிருக்க, இவர் மட்டும் ஆறு வருடமாக 'மன்னிப்பு' என்ற ஒன்றிலேயே குந்திக்கொண்டிருந்தார். கேட்டால், எடுத்த வேலை முடியவில்லையே, அட்டையை எப்படிக் கழற்றுவது என்பார்.

முடியாத அந்த வேலை, கோயில் பக்கத்தில் குடியிருக்கும் அக்கா காத்தாயி. அக்கா மகள் சிவரூபினியைத் தூக்கி வளர்த்ததே கிருஷ்ணம்மாதான். அந்தப் பிள்ளையின் கல்யாணத்துக்கு இவருக்கு மட்டும் பத்திரிகை வரவில்லை. ஊரே போய்ச் சாப்பிட்டு வந்தது, வளர்த்த சித்தியோ தன் வீட்டில் உட்கார்ந்து இடியப்பம் பிழிந்தார். ஒவ்வொரு ஜனவரியிலும் பல்லைக் கடித்துக்கொண்டு அக்காவை மன்னிப்பார். பெப்ரவரியில் சந்தையில் அக்காவின் முதுகைக் கண்டதும் அத்தனையும் காற்றில் போய்விடும்.

வார்த்தை எடுக்கும் முன் எல்லாரும் பாஸ்டரம்மா முன்னால் போன வருடத்தைப் பற்றிச் சாட்சி சொல்ல வேண்டும். கிருஷ்ணம்மாவின் சாட்சி சபைக்கே மனப்பாடம். கல்யாண மண்டபத்தில் தொடங்கிக் கண்ணீரில் முடியும். இந்த வருடமும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் கலேவெலயிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து ஒரு மாதமே ஆன நிரோஜாவுக்குக் கதை புதிது. சூதுவாது இல்லாமல் கேட்டுவிட்டாள்.

"அவங்க ஏன் ஆன்ட்டி உங்களக் கூப்பிடல?"

ஆறு வருடத்தில் ஒருத்தரும் கேட்காத கேள்வி. கல்யாணத்துக்கு நாலு மாதம் முந்தி, தான் ஞானஸ்நானம் எடுத்துச் சபையில் சேர்ந்த புதிதில், தைப்பொங்கலன்று அக்கா தூக்குச்சட்டியில் பொங்கல் கொண்டுவந்தது கிருஷ்ணம்மாவுக்கு ஞாபகம் வந்தது. சாமிக்குப் படைத்தது இந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்று அக்கம்பக்கம் பார்க்க வாசலோடு திருப்பி அனுப்பியிருந்தார். அன்றைக்கு அதைப் பக்தி என்று நினைத்தார். அக்கா அந்தச் சட்டியோடு திரும்பி நடந்து போனதை இப்போது நினைக்க, உள்ளபடியே வெட்கமாக இருந்தது.

"அட்டை அப்படியே இருக்கட்டும் பாஸ்டரம்மா," என்றார். "இத்தனை நாளா மன்னிப்ப நான் குடுக்கணும்னு நெனச்சேன். கேக்க வேண்டியவளே நான்தான்."

அடுத்து வந்த தைப்பொங்கலன்று நல்ல சேலை கட்டிக் கிளம்பினார். தெருமுனை வரை போய் இரண்டு தடவை திரும்பினார். மூன்றாம் தடவை கால் அக்கா வீட்டு வாசலில்தான் நின்றது. காத்தாயி கதவைத் திறந்து, உள்ளே வா என்றும் சொல்லாமல் பார்த்தார்.

"அக்கா, அன்னைக்கு ஒன்ன வாசலோட அனுப்பினது என் தப்பு. மன்னிச்சிரு."

காத்தாயி உடனே உருகிவிடவில்லை. அந்தக் குடும்பத்தில் யாருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது. மனசு ஆறுமட்டும் திட்டினார். கிருஷ்ணம்மா, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, எதிர்த்துப் பேசாமல் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு காத்தாயி உள்ளே போய், பொங்கல் போட்டு மூடி வைத்த ஒரு சின்னச் சட்டியை எடுத்து வந்து தங்கச்சியின் கையில் வைத்தார்.

"வருஷா வருஷம் எடுத்து வைக்கிறதுதான். நீ சாப்பிடலாம். சாமிக்குப் படைக்க முந்தியே ஒனக்கு எடுத்துட்டேன்."