பேக்கரி மானிட்டரில் அப்பா

சட்டக் கல்லூரி நான்காம் ஆண்டில் விருப்பப் பாடம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். வகுப்பில் பாதிப் பேர் ‘சட்டமும் தொழில்நுட்பமும்’ எடுத்தார்கள். அந்தப் பாடம் நடத்தும் சார் மார்க்கை வாரி வழங்குவார் என்று பேச்சு. நானும் அதையே எடுத்தேன். ஆனால் என் காரணம் வேறு, சித்தப்பாவின் போனில் இருந்த ஒரு வீடியோ.

அந்த வீடியோவில் அப்பா சாகிறார்.

செம்பாக்கத்தில் ஏரிப் பக்கம் போகிற சாலையில், ஒரு பேக்கரி வாசலில், தப்பான பக்கம் ஏறி வந்த தண்ணீர் லாரி அவர் பைக்கை அடித்தது. பேக்கரியின் கேமராவில் எல்லாமே பதிவாகியிருந்தது. லோடு ஆட்டோ ஓட்டும் சித்தப்பா அன்று மாலையே அங்கே ஓடினார். கல்லாவுக்கு மேலிருந்த மானிட்டரில் அந்த இடத்தை ஓடவிடச் சொல்லி, போனைத் தூக்கிப் பிடித்து எடுத்துக்கொண்டு வந்தார். எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வது இதுதான். பைக் திருடு போனாலும் சரி, செயினை அறுத்துக்கொண்டு ஓடினாலும் சரி, மானிட்டரைப் போனில் பிடித்து நகர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவோம். போட்டுவிட்டால் பாதி நியாயம் கிடைத்த மாதிரி ஒரு நிம்மதி. ஸ்டேஷனில் இருந்த ஏட்டும், “என் நம்பருக்கு அனுப்பிடுங்க, போதும்” என்றார். அனுப்பினோம்.

“ஆதாரம் நம்ம கைல கீது அண்ணி. இனிமே எவன் இன்னா பண்ணிட முடியும்?” என்றார் சித்தப்பா.

அம்மா அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஏனென்றால் காரியம் முடிவதற்குள்ளேயே தெருவில் வேறு கதை ஓட ஆரம்பித்திருந்தது. அப்பா போன் பேசிக்கொண்டே வந்தாராம், அவர்தான் தப்பான பக்கம் திரும்பினாராம். லாரி டிரைவரின் வக்கீலும் கோர்ட்டில் அதையே சொன்னார். டிரைவர் ஜெயிலுக்குப் போக வேண்டும் என்றெல்லாம் அம்மா கேட்கவில்லை. “அவர் மேல தப்பு இல்லைன்னு கோர்ட்ல ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும்” என்பாள். ஆள் இல்லாத தெருமுனையில் கூட ஹாரன் அடித்துவிட்டுத் திரும்புகிற மனுஷன் அவர். அவரைப் போய் இப்படிப் பேசுகிறார்களே என்று எனக்கும் வயிறு எரிந்தது.

கல்லூரி நாவலூர் பக்கம். தாம்பரத்தில் பஸ் ஏறினால் மேடவாக்கம் தாண்டித்தான் உட்கார இடம் கிடைக்கும். சார் ஐடி கம்பெனியில் வேலை பார்த்துவிட்டுச் சட்டத்துக்கு வந்தவர். நல்ல மனிதர், எதற்கும் உற்சாகமாகிவிடுவார். முதல் சில வாரங்கள் டிரைவர் இல்லாத காரைப் பற்றியே பேசினார். அது ஒருவரை இடித்துவிட்டால் யார் பொறுப்பு? கார் செய்த கம்பெனியா, மென்பொருள் எழுதியவரா, உள்ளே உட்கார்ந்திருந்தவரா? வகுப்பே சூடாக வாதாடியது. டிரைவர் இருந்த லாரிக்கே யார் பொறுப்பு என்று தெரியாமல் நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு மின்னணு ஆதாரம் என்ற பாடம் வந்தது. பதிவு செய்த கருவி வேண்டும், அல்லது அதிலிருந்து முறையாக எடுத்த நகலும் கருவிக்குப் பொறுப்பானவர் கையெழுத்துப் போட்ட சான்றிதழும் வேண்டும் என்றார். வகுப்பு முடிந்ததும் அவர் பின்னாலேயே ஓடி, தெரிந்தவர் ஒருவருடைய கேஸ் என்று சொல்லி எங்கள் கதையைச் சொன்னேன்.

“ஒரிஜினல் எங்கே?”

“பேக்கரியோட ரெக்கார்டர் பெட்டியில பழசு தானா அழிஞ்சிடும் சார். அது மேல புதுசு ஏறிடும்.”

“போலீஸ் அந்தப் பெட்டியை எடுக்கலையா?”

“இல்ல சார்.”

“கடைக்காரர் சர்டிஃபிகேட் தருவாரா?”

பேக்கரி இருக்கும் கட்டடம் லாரி முதலாளியின் குடும்பத்துடையது. ஒரு காலத்தில் அந்தப் பக்கம் முழுக்க அவர்கள் வயல்தான். இப்போது வயலுக்குப் பாய்ந்த கிணற்றுத் தண்ணீரை லாரியில் ஏற்றி விற்கிறார்கள். கடைக்காரர் பாவம், அவர்களை எதிர்த்து எங்கே போய்க் கடை போடுவார்? பார்த்த மற்றவர்களும் சாட்சி சொல்ல வரவில்லை. “தர மாட்டார் சார்” என்று மட்டும் சொன்னேன்.

சார் முகம் மலர்ந்தது. “ரொம்ப இன்ட்ரஸ்டிங்கான ப்ராப்ளம்மா இது!” என்றார். மனதாரப் பாராட்டித்தான் சொன்னார். எனக்கு அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

வீட்டுக்கு வந்து வீடியோவை மறுபடி பார்த்தேன். மானிட்டரில் டியூப்லைட் பளபளக்கிறது. லாரி வருவதற்குச் சற்று முன்னால், கடையில் யாரோ இரண்டு எக் பஃப்ஸ் கேட்கிறார்கள். பிறகு சித்தப்பாவின் குரல், “ஐயோ, அண்ணா!” இது உண்மை என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். சட்டத்துக்குத் தெரிய வழியில்லை. அடுத்த அறையில் அம்மா போனில் யாரிடமோ, “இந்த மாதிரி கேஸுக்குன்னே தனியா ஒரு படிப்பு இருக்காம், என் பொண்ணு அதத்தான் படிக்கிறா” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

செமஸ்டர் தேர்வில் அந்தக் கேள்வி வந்தது. கடைக் கேமராவில் பதிவான விபத்தை ஒருவர் மானிட்டரிலிருந்து போனில் எடுக்கிறார், அசல் அழிந்துவிட்டது, கடைக்காரர் சான்றிதழ் தர மறுக்கிறார். இந்த வீடியோ ஏற்கத்தக்கதா? லாரியை மட்டும் சார் காராக மாற்றியிருந்தார்.

ஏற்கத்தக்கது என்று எழுத ஒரு காரணமாவது கிடைக்குமா என்று தேடினேன். கிடைத்திருந்தால் அதை முதலில் அரசு வக்கீலிடம் அல்லவா கொண்டு போயிருப்பேன்? ‘ஏற்கத்தக்கதல்ல’ என்று எழுதினேன். எழுத ஆரம்பித்த பிறகு கை நிற்கவில்லை, கூடுதல் தாள் வாங்கியும் எழுதினேன்.

அடுத்த மாதம் தீர்ப்பு வந்தது. நான் எழுதியதையே கோர்ட் இன்னும் சுருக்கமாகச் சொன்னது. சந்தேகத்தின் பலனை அளித்து டிரைவரை விடுதலை செய்தார்கள்.

“அவர் மேல தப்பு இல்லைன்னு சொன்னாங்களா?” என்று கோர்ட் வராந்தாவில் அம்மா கேட்டாள்.

“இல்லம்மா.”

“தப்புன்னு சொன்னாங்களா?”

“அதுவும் இல்ல.”

“அப்ப என்னதான் சொன்னாங்க?”

சித்தப்பா போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். காலையிலேயே முழுசாக சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். “வீடியோவ ஒரு தபா போட்டுக்கூட பாக்கலியேம்மா” என்றார்.

அதற்கப்புறம் ரிசல்ட் வந்தது. அந்தப் பாடத்தில் வகுப்பிலேயே நான்தான் முதல். என் விடை எல்லோருக்கும் முன்மாதிரி என்று சார் வகுப்புக் குழுவில் பாராட்டி எழுதினார். அம்மா என் போனை வாங்கி அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அப்பா போன பிறகு அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

“இவ்வளவு நல்லா எழுதியிருக்கியே, மேல் கோர்ட்ல இதையே எடுத்துச் சொல்லலாம் இல்ல?” என்றாள்.

நான் என்ன எழுதினேன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய்தான் சொல்லியிருப்பேன்.

“சொல்லலாம்மா” என்றேன்.