வெட்டிய அட்டையின் மீதி

எங்கள் மருந்துக்கடை கல்லாவுக்குக் கீழே ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கிறது. மாத்திரை அட்டைகளை வெட்டிக் கொடுத்தது போக மிஞ்சுகிற துண்டுகளை அதில்தான் போடுவோம். திருத்தணியில் முழு அட்டை கேட்கிறவர்கள் குறைவு. மலைக்கு வந்த கூட்டமானாலும் சரி, பொதட்டூர்பேட்டை பஸ்ஸுக்கு நிற்கிறவர்களானாலும் சரி, காய்ச்சலுக்கு நாலு, தலைவலிக்கு ரெண்டு என்றுதான் கை நீட்டுவார்கள். கத்தரிக்கோலை எடுத்துக் கேட்டதை வெட்டித் தருவோம். மருந்தின் பேரும் தேதியும் அச்சான பக்கம் கடையில் நிற்க வேண்டும், மொட்டைப் பக்கம் வெளியே போக வேண்டும் என்பது வழக்கம். மிச்சத்தை விற்க அந்தப் பேர் வேண்டும். எங்கள் முதலாளி இன்னொரு காரணமும் சொல்வார்: "பேரு நம்மகிட்ட இருந்தா ஆளு நம்மகிட்டயே திரும்பி வரும்டா."

அந்த டப்பாவில் பதினோரு வருஷமாக ஒரு துண்டு கிடக்கிறது. பதினெட்டு மாத்திரைகள். தேதி எப்போதோ முடிந்துவிட்டது. மாசாமாசம் காலாவதியானதைப் பொறுக்கி எறிகிற நான் இதை மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போட்டுவிடுகிறேன். அது என் வதினாவுடையது. அண்ணன் மனைவியை எங்கள் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவோம். அம்மா வழியில் தெலுங்கு கலந்த குடும்பம்.

வதினா மணவூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தார். அவர் பேச்சுக்காகவே நான் ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் வீட்டுக்குப் போவேன். அதிகம் பேசாத என் அண்ணனைப் பற்றி, "உங்க அண்ணன் ஒரு வார்த்த சொல்றதுக்குள்ள என் உலை ரெண்டு தபா கொதிச்சிடும்பா" என்பார். முட்டை போடுகிற நாளில் மட்டும் பள்ளிக்கு வருகிற பிள்ளைகளுக்கு 'முட்டை விருந்தாளி' என்று பேர் வைத்திருந்தார். விருந்தாளி என்று கேலி செய்துகொண்டே பெரிய முட்டையாகப் பார்த்து அவர்கள் தட்டில்தான் வைப்பாராம். நான் பத்தாவதோடு நின்றவன். இங்கிலீஷை மருந்து அட்டைகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன் என்றால், தமிழில் பேசக் கற்றுக்கொண்டது வதினாவிடம் என்று சொல்லலாம்.

அவருக்கு நாற்பத்திரண்டு வயதில் உதிரப்போக்கு நிற்காமல் போயிற்று. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். எங்கள் பக்கம் கரும்பு வெட்டுக்கும் நடவுக்கும் போகிற பெண்கள் பலருக்கும் நடப்பதுதான் என்பதால் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. ரெண்டு மாசத்துக்குள் வதினாவின் உடம்புக்குள் நெருப்புப் பிடித்துக்கொண்டது. மார்கழிக் காலையில் குளித்துவிட்டு வந்த கையோடு முதுகெல்லாம் வேர்த்து ஊற்றும். தூக்கம் போயிற்று. சாம்பாரில் உப்புப் போட்டோமா என்பது மறந்து ரெண்டு தடவை போட்டுவிட்டார். கேள்வி கேட்ட தலைமையாசிரியர் முன்னால் அழுதார். மலையில் தருகிற சந்தனத்தை அண்ணன் வாங்கி வந்து கொடுத்தார். அதைக் கழுத்தில் பூசிக்கொண்டு வதினா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "சாமிக்கே கோவம் தணிஞ்ச ஊருன்றாங்க. எனக்குள்ள யாரோ அடுப்பப் பத்தவச்சிட்டு அணைக்காம பூட்டாங்கப்பா."

கடைசியில் யாரிடமும் சொல்லாமல் ரயிலேறிச் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே ஒரு பெண் டாக்டர் பழைய காகிதங்களைப் பார்த்துவிட்டு, கர்ப்பப்பையோடு ரெண்டு சினைப்பைகளையும் எடுத்திருக்கிறார்களே, உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டாராம். வதினாவுக்குத் தெரியாது. எங்கள் யாருக்குமே தெரியாது. இன்னும் எட்டுப் பத்து வருஷம் மெல்ல மெல்லக் குறைய வேண்டிய ஹார்மோன் ஒரே நாளில் நின்றுவிட்டது, அதைக் கொஞ்ச காலம் மாத்திரையாகக் கொடுத்தால் இந்த நெருப்பு அடங்கும், எலும்பும் கெடாது என்று விளக்கி, மார்பு, ரத்த அழுத்தம் எல்லாம் சோதித்துவிட்டு எழுதிக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் இருப்பு இல்லை. வெளியே வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். வெளியே என்றால் வதினாவுக்கு நான்தான்.

எங்கள் கடையிலும் இல்லை. மொத்த வியாபாரியிடம் கேட்டால், "அதெல்லாம் உங்க பக்கம் ஓடாதுங்க" என்றார். கெஞ்சி ஓர் அட்டை சொல்லி வைத்தேன். மூன்று தடவை வதினா வேலை முடிந்து ரயிலேறி வந்து, கும்பலுக்கு நடுவே மாத்திரையின் பேரைச் சொல்லாமல், "என் அடுப்பு மருந்து வந்துச்சா?" என்று கேட்டார். நாலாவது தடவை வந்திருந்தது. இருபத்தெட்டு மாத்திரை அட்டை. நான் கத்தரிக்கோலை எடுத்துப் பத்து மாத்திரையை மட்டும் வெட்டினேன். கைப்பழக்கம் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பயமும் இருந்தது. ஹார்மோன் என்றாலே புற்றுநோய் என்று கடையில் நாலு பேர் பேசிக் கேட்டிருந்தேன். முதலில் பத்து நாள் போடுங்கள், அப்புறம் பார்ப்போம் என்று ஏதோ டாக்டர் மாதிரி சொல்லிவிட்டு, டாக்டர் எழுதிய சீட்டையும் கடையிலேயே வாங்கி வைத்துக்கொண்டேன். மீதியை அவர் கண்ணெதிரே டப்பாவில் போட்டேன்.

எட்டாம் நாள் அண்ணன் கடைக்கு வந்தார், முழங்கால் வலிக்குத் தைலம் வாங்க. வதினா இப்போது தூங்குகிறார், பழையபடி கிண்டல் பேசுகிறார் என்று தானாகவே சொன்னார். அவர் முகத்தில் சந்தோஷம் இருந்தது. நான் அதோடு விட்டிருக்கலாம். நம் வீட்டுப் பெண்ணுக்கு இப்படி ஒரு மாத்திரையை அண்ணனுக்குத் தெரியாமல் கொடுக்கலாமா என்று உறுத்திக்கொண்டிருந்ததை நியாயம் என்று நம்பினேன். சீட்டை எடுத்துக் காட்டி, தரலாமா என்று கேட்டேன். எங்கள் கடையில் எத்தனையோ ஆண்கள் எதை எதையோ வாங்கிப் போகிறார்கள். அதற்கெல்லாம் அவர்கள் மனைவியிடம் போய் நான் அனுமதி கேட்டதில்லை. அண்ணன் அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்தார். "பையே எடுத்தாச்சு. இனிமே பொம்பளைக்கு இந்த மாத்திர எதுக்குடா?" என்றார். சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையாம். அவர் சுபாவம் அது.

பத்தாம் நாள் வதினா வந்தார். ஒரு தூக்கில் சுண்டல், கையில் தீர்ந்துபோன அட்டைத் துண்டு. "மீதிய குடுப்பா" என்றார். தீர்ந்துபோச்சு வதினா, கம்பெனியிலேயே வரவில்லையாம் என்றேன். சீட்டைக் கேட்டார். அண்ணன் வாங்கிக்கொண்டு போனார் என்றேன். அவர் பார்வை கல்லாவுக்குக் கீழே ஒரு நொடி போய்விட்டு என் முகத்துக்குத் திரும்பியது. "ஆங், சரிப்பா" என்றார். சுண்டலை வைத்துவிட்டுத்தான் போனார்.

அந்த மொட்டைத் துண்டை வைத்துக்கொண்டு அரக்கோணத்தில் நாலு கடை ஏறி இறங்கினார் என்று பின்னால் தெரிந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் மருந்து வாங்கக் காலி அட்டையைத்தான் காட்டுவார்கள். இதில் பேரின் கடைசி ரெண்டு எழுத்துகள் மட்டும் இருந்தன. அதை வைத்து யார் எதைக் கொடுப்பார்கள். ஒரு நாள் சம்பளத்தை விட்டுச் சென்னைக்கு மறுபடியும் போனார். அன்றைக்கு அந்த டாக்டர் இல்லை. அங்கிருந்த இன்னொருவர் வயசானால் இப்படித்தான் என்று சொல்லிக் கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார். அப்போது வதினாவுக்கு நாற்பத்து மூன்று. அடுத்த வருஷம் அடுப்படியில் நிற்க முடியவில்லை, வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். முட்டை விருந்தாளிகளைப் பற்றிய பேச்சும் அதோடு நின்றது. ஞாயிற்றுக்கிழமை போனால் "வா தம்பி, சாப்புடு" என்பார், அவ்வளவுதான். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆடியில் மலைப்படியில் லேசாகச் சறுக்கி உட்கார்ந்தார். கையை ஊன்றியதற்கே மணிக்கட்டு முறிந்தது. சரியாகக் கூடவில்லை, கொஞ்சம் கோணலாகவே நிற்கிறது. எலும்பு ரொம்ப மெலிந்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷம் என் மனைவிக்கு ஐம்பது. அவளும் ராத்திரியெல்லாம் எழுந்து உட்கார்ந்து சேலைத் தலைப்பால் விசிறிக்கொள்ள ஆரம்பித்தாள். என்னிடம் சொல்லவில்லை. வதினாவிடம் சொல்லியிருக்கிறாள். ரெண்டு பேரும் ரயிலேறிச் சென்னை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தார்கள். அன்று சாயங்காலம் வதினா மட்டும் கடைக்கு வந்தார். பதினோரு வருஷத்தில் அவர் கடைப்படி ஏறியது அதுதான் முதல் தடவை. சீட்டைக் கோணல் கையால் கல்லா மேல் வைத்து, விரல்களை எடுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார். அவளுக்கு எழுதியிருந்தது வேறு மாத்திரை. அதுவும் கடையில் இல்லை. சொல்லி வைத்தால் ஒரு வாரத்தில் வந்துவிடும் என்றேன்.

"வரட்டும்" என்றார். "வந்தா வெட்டாம குடு தம்பி. யாரையும் கேட்டுகினு இருக்காத."

வதினா, அன்றைக்கு, என்று ஆரம்பித்தேன். அவர் குனிந்து கல்லாவுக்குக் கீழே பார்த்தார். "அதே டப்பாவா?" என்றார். ஆமாம் என்றேன். "அன்னிக்கு நீயா எடுத்துக் குடுப்பேன்னுதான் நின்னுகினு இருந்தேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிட்டார்.

மாத்திரை ஒன்பதாம் நாள் வந்தது. பேரோடும் தேதியோடும் முழு அட்டையாக வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் கொடுத்தேன். மறுநாள் கடை திறந்ததும் டப்பாவைக் கவிழ்த்துத் துடைத்தேன். பழைய துண்டுகள் எல்லாம் குப்பைக்குப் போயின. பதினெட்டு மாத்திரைகள் மட்டும் கையில் நின்றன. பேர் இருக்கிற பக்கம். அதைத் திரும்ப உள்ளே போட்டு டப்பாவை மூடினேன். வெளியே ஒருவர் தலைவலிக்கு ரெண்டு கேட்டு நின்றார். கத்தரிக்கோலை எடுத்தேன்.