பச்சை நூலும் நீல நூலும்

சீமெந்துப் பைகளைப் புரட்டிப் போடுவது றாஹிலாவின் வெள்ளிக்கிழமை வேலை. ஆண்கள் பள்ளிவாசலுக்கு ஜும்ஆத் தொழப் போன பிறகு, முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு பின்வளவில் அரைகுறையாக நிற்கும் வீட்டுக்குள் போவாள். கூரையில்லாத அந்த வீட்டில் ஒரு மூலைக்கு மட்டும் தகரம் போட்டிருந்தது. அதன் கீழே பலகையடித்து அடுக்கிய பைகள். அடியில் கிடப்பதை மேலே தூக்கி, மேலே கிடப்பதை அடியில் தள்ளி, ஒவ்வொன்றையும் கட்டையால் நாலு தட்டுத் தட்டி வைக்காவிட்டால் கடற்காற்றுக்கு அது கல்லாகிவிடும். இளைய மகள் ஸம்றா பையின் மறுமுனையைப் பிடிப்பாள்.

"உம்மா, இது உள்ளுக்குக் கட்டிபட்டுட்டுது போல."

"கட்டியில்ல. தட்டினா உதிரும். மெதுவாப் புடி, இடுப்பு புடிச்சிக்கும்."

"எனக்கெங்க புடிக்கப் போகுது? ஒங்களுக்குத்தான் புடிக்கும். மறுகா நான்தான் எண்ணெய் தேய்க்கணும்."

அது ஸம்றாவின் வீடு. கல்முனைக்குடியில் பெண்ணைப் பெற்றவன் முதலில் வீட்டைக் கட்ட வேண்டும். மாப்பிள்ளை அதற்குப் பிறகுதான். வருகிறவன் வீட்டுக்காரனாவான், கட்டிக்கொடுத்தவர்கள் பின்னறைக்கு நகர்வார்கள். யாரும் யாரையும் துரத்துவதில்லை. அப்படித்தான் நடக்கும். றாஹிலாவின் கணவர் மீராசாவும் அந்தக் காலத்தில் மருதமுனையிலிருந்து ஒரு பெட்டியோடு இந்த வளவுக்கு வந்தவர்தான். அவர் கட்டிய முதல் வீடு மூத்தவள் ஆதிலாவுக்குப் போய்விட்டது. இப்போது அந்த வீட்டின் மண்டபமும் சோபாவும் இன்டர்நெட்டும் மூத்த மருமகன் ஷிப்லியுடையவை. ஷிப்லி தங்கமான பிள்ளை. மாமாவைக் கண்டால் எழும்பி நிற்பான். அவன் எழும்பி நிற்கிற நேரந்தான் மீராசாவுக்கு இது தன் வீடில்லை என்ற நினைப்பு வரும்.

ஸம்றாவின் வீடு கதவு நிலைக்கு மேலே ஏறாமல் நின்றுபோனதற்குக் காரணம் மீராசாவின் வயது. கட்டாரில் அறுபது முடிந்ததும் வீசாவைப் புதுப்பித்துக் கொடுக்கவில்லை. ஒரு அறபிச் செல்வந்தரின் விமானக் கொட்டகையில் அவருக்கு அத்தனை வருட வேலை. போனது கூட்டித் துடைக்கிற வேலைக்கு. ஆனால் வெளிநாடு போகுமுன் கல்முனைக் கடைத்தெருவில் றேடியோ திருத்துகிற கடையொன்றில் குந்தியிருந்த கை அது. ஒருநாள் விமானமொன்றின் றேடியோ இரைகிறதென்று எல்லோரும் தலையைச் சொறிந்து நிற்க, இவர் துடைப்பத்தைச் சாத்திவிட்டு ஈயம் உருக்கிப் பற்றவைத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து அவர் றேடியோக்காரன். வேலை இவருடையது, கையெழுத்து மிஸ்ரி என்று எல்லோரும் கூப்பிடும் எகிப்துக்கார எஞ்சினியருடையது. அதில் அவருக்குக் குறையொன்றுமிருக்கவில்லை. "நாளைக்கு ஒண்டு நடந்தா, கையெழுத்துப் போடுறவன்தான் கோட்டுக்குப் போகணும்" என்பார்.

அந்தக் கொட்டகையில் நின்றவற்றுள் அவருக்குச் செல்லமானது ஒரு பழைய மஞ்சள் விமானம். எந்த நாட்டு இராணுவமோ தன் பொடியன்களுக்குப் பறக்கப் பழக்கிவிட்டுக் கழித்த சாமான். ஒன்றின் பின் ஒன்றாக இரண்டு இருக்கை. மீராசாவை விட மூத்தது. கொட்டகையில் எல்லோரும் அதை எருமை என்றுதான் சொல்வார்கள். அதன் வயிற்றுக்குள் ஓடும் வயர்களில் அச்சடித்திருந்த இலக்கங்கள் எப்போதோ அழிந்துபோயிருந்தன. மீராசா நெசவுக் குடும்பத்துப் பிள்ளை அல்லவா, லீவில் வந்து போகும்போதெல்லாம் மருதமுனைத் தறிகளில் மிஞ்சிய நூலைக் கேட்டு வாங்கிப் போவார். மாசிச் சம்பல் போத்தலுக்குப் பக்கத்தில் நூல் உருண்டைகளை வைத்துப் பெட்டி கட்டியவள் றாஹிலாதான். விளக்குகளுக்குப் போகும் வயருக்குச் சிவப்பு நூல், றேடியோவுக்குப் பச்சை, எஞ்சினின் சூடும் வேகமும் காட்டும் மானிகளுக்கு நீலம். அவர் கட்டிய முடிச்சைப் பார்த்தே மற்றவர்கள் வேலை செய்தார்கள்.

ஊருக்கு வந்த பிறகு எருமையைப் பற்றிய பேச்சே இல்லாதிருந்தது. நோன்புக்கு முந்திய மாதம் ஒருநாள் நிந்தவூர் நளீம் கட்டாரிலிருந்து வீடியோவில் வந்தார். இருவரும் ஒரே அறையில் பதினைந்து வருடம் படுத்தெழும்பியவர்கள். வயதில் மூத்த மீராசா அவருக்குக் காக்கா, கூடப் பிறக்காத அண்ணன்.

"காக்கா, எருமைக்கு ஆப்பரேசன்."

"என்னடாப்பா, மௌத்தாப் போச்சா? உசிரு இரிக்கா?"

"இல்ல, அறபிக்குப் புதுசா ஆசை. பழைய றேடியோ, பழைய மானிகள் எல்லாத்தையும் கழட்டட்டாம். டீவி மாதிரிக் கண்ணாடி பூட்டப் போறானுகள். எஞ்சின் மானி மட்டும் அப்பிடியே இரிக்கட்டாம். இதுட குடல் ஒருத்தருக்கும் தெரியா காக்கா. தேவைப்பட்டா உங்களச் சின்ன வீசாவில எடுப்பம் எண்டு மிஸ்ரி சொன்ன."

அந்தத் தேவைப்பட்டால் என்ற சொல் றாஹிலாவின் காதில் விழுந்தது. மீராசாவின் காதில் வீசா மட்டும் விழுந்தது. அன்று இரவுச் சாப்பாட்டில் அவர் வழக்கத்தை விடக் கூடுதலாகச் சோறு போட்டுக்கொண்டார். மூன்று மாதம் போய் வந்தால் போதும், ஸம்றாவுக்குக் கூரை ஏறிவிடும் என்றார். அவளுக்குப் பேசி வைத்திருந்த சம்மாந்துறை மாப்பிள்ளை வீட்டாரும் அதுவரை பொறுப்பார்கள் என்றார்.

பின்னறைக்குச் சிக்னல் எட்டாது. அதனால் மறுநாளிலிருந்து அவர் ஷிப்லியின் மண்டபத்தில், சோபாவின் ஓரத்தில், விருந்தாளியைப் போல் நுனியில் உட்கார்ந்து நளீமுக்காகக் காத்திருந்தார். நளீம் வந்துவிட்டால் பக்கத்தில் யார் வருகிறார், யார் போகிறார் என்றே அவருக்குத் தெரியாது. "அந்தத் திருகாணிக்குக் கம்பி போட்டுப் பூட்டியிரிக்கி, முதல்ல கம்பிய வெட்டு. முரட்டுத்தனமா இழுக்காத. ஓம், இப்ப முன்னுக்கு இழு, பெட்டி வழுக்கிட்டு வரும்." இருட்டில் ஒளிரும் மானிகளைக் கழற்றும்போது கண்ணாடி உடையாமல் பார்க்கச் சொன்னார், அந்தப் பூச்சு நஞ்சு, பையில் போட்டுக் கட்டு என்றார்.

ஒருநாள் அவர் போனை வைத்ததும் றாஹிலா பிடித்துக்கொண்டாள்.

"எல்லாத்தையும் இஞ்சயிருந்தே சொல்லிக் குடுத்தா அவனுகள் என்னத்துக்கு உங்களக் கூப்புடுற? ஒண்டயாச்சும் மிச்சம் வெச்சிட்டுச் சொல்லுங்க."

"பாவம் புள்ள, நளீம் தனிய நிக்கான்."

"நளீமுக்குக் கூரை இரிக்கி."

அது தைத்துவிட்டது போலிருக்கிறது. சில நாள் கழித்து, பின்னறையில் வெற்றிலை மடித்தபடி அவரே மெதுவாகச் சொன்னார். பின்னிருக்கைக்குப் பின்னால் இருந்த றேடியோப் பெட்டி பெரிய பாரம். அதை எடுத்தால் வால் பக்கம் லேசாகிவிடும். அந்த இடத்தில் அளவான ஈயக்கட்டி வைக்காமல் பறந்தால் எருமை மூக்கைக் குத்தும். எவ்வளவு ஈயம், எந்த இடத்தில் என்பதை அவர் சொல்லவில்லை. "வந்து சொல்றன் எண்டு வெச்சிரிக்கன்" என்று கண்ணைச் சிமிட்டினார். கலியாணம் செய்து இத்தனை காலத்தில் அவர் ஒரு விஷயத்தில் தந்திரம் செய்து றாஹிலா பார்த்தது அதுதான் முதல்.

பெட்டிகள் எல்லாம் வெளியே வந்த பிறகு வயர்கள் மிச்சமிருந்தன. உயிரில்லாத வயரை உள்ளே விட்டுவைக்கக் கூடாது, வெட்டி உருவிவிட வேண்டும். அன்று றாஹிலா தேத்தண்ணி கொண்டுபோய் வைத்துவிட்டு அவருக்குப் பின்னால் நின்றுகொண்டாள். நளீம் ஒரு ஓட்டைக்குள் தோள்வரை இரண்டு கையையும் விட்டிருந்தார். தலை நுழையாத இடம். ஒரு கையில் வெட்டுக்குறடும் துணியும், மற்றக் கையில் போன். உள்ளே இருப்பது அவருக்கே தெரியாது; போனுக்குத்தான் தெரியும், போனில் மீராசாவுக்குத்தான் தெரியும்.

"மூணு கட்டுக் கண்ணுல படுதா காக்கா? ஒயில் ஊறி எல்லாம் கறுப்பாக் கிடக்கும்."

"ஸ்பிரிட்டுத் துணியால தொடச்சிக் காட்டு. நடுவில உள்ளத. இன்னும் ஒழுப்பம், கொஞ்சந்தான்... ஆ, தெரியிது. பச்சை. அதுதான். வெட்டு."

றாஹிலா குனிந்து பார்த்தாள். "இஞ்சேருங்க, அது நீலம் மாதிரியெல்லா இரிக்கி."

"சும்மா இரி புள்ள. நான் கட்டின நூல் எனக்குத் தெரியாதா? மருதமுனையானுக்கு நீ நூலுட நிறத்தச் சொல்லித் தாறியா?"

கட்டாரில் நளீம் சிரித்தார். "றாஹிலா மச்சிக்கும் ஒரு வீசா அடிக்கச் சொல்லுவமா காக்கா?"

டக்கென்று குறடு கடித்த சத்தம் போனில் கேட்டது. இழுக்க இழுக்க வயர் வந்தது. மீராசா தேத்தண்ணியை ஒரே மிடறில் குடித்தார்.

அடுத்த நாள் நளீம் முகம் காட்டாமல் குரலில் மட்டும் வந்தார். மீராசா கதைத்ததைத்தான் றாஹிலா கேட்டாள். "எஞ்சின் மானியா? எல்லாமா? இரிக்காதுடாப்பா, கரண்ட் குடுத்துப் பாத்தயா? ஓம்... ஓம்..." போனை மடியில் வைத்த பிறகு றாஹிலா கேட்கக் கேட்க விஷயம் துண்டு துண்டாக வெளியே வந்தது. வெட்டியது இருக்க வேண்டிய வயர். எருமையின் வயிற்றுத் தகட்டை ஆணி ஆணியாகத் திறந்தால்தான் புதிதாக ஓடவிடலாம். யார் சொல்லி வெட்டினாய் என்று மிஸ்ரி கேட்டாராம். நளீம் பெயர் சொல்லவில்லை, ஆனால் போனில் கதைத்தபடி வேலை செய்ததைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். இனிக் கொட்டகைக்குள் போன் கூடாதாம். வீசாக் கதையை இப்போதைக்கு எடுக்க ஏலாதாம்.

"அது பச்சைதானே?" என்றார் மீராசா. "நீயும் பாத்தாய்தானே."

றாஹிலா திருப்பிக் கேட்டாள்: "குளிக்கிற இடத்தில கிடக்கிற வாளி என்ன நிறம்?"

"பச்சை."

அந்த வாளியைப் பச்சை வாளி என்று அவர் சொல்லத் தொடங்கிச் சில மாதமாகிறது, வாய்ப்பழக்கமென்று றாஹிலா விட்டிருந்தாள். மீராசா எழும்பிப் போனார். வாளியைத் தூக்கிக்கொண்டு முற்றத்து வெயிலுக்கு வந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், மற்றக் கண்ணை மூடிப் பார்த்தார். கொடியில் உடுப்புக் காயப்போட்டு நின்ற ஸம்றாவுக்கு ஒன்றும் தெரியாது.

"வாப்பா, அந்த நீல வாளிய எங்க கொண்டு போறீங்க? அதில சவுக்காரத் தண்ணி கிடக்கு."

அவர் வாளியைக் கீழே வைத்தார். சவுக்காரத் தண்ணி காலில் சிந்தியது.

ஷிப்லிக்கு விஷயம் தெரிந்ததும் மரியாதையாகத்தான் சொன்னான். "புரை விழுந்திரிக்கும் மாமா. சின்ன ஆப்பரேசன். இஞ்ச ஆஸ்பத்திரியிலயே செய்வாங்க. நான் கூட்டிட்டுப் போறன்."

"கண்ணத் தெளிய வெச்சி என்னத்தப் பாக்கிற மருமகன்?" என்று மீராசா சிரித்தார். சிரிப்பு நல்லாயில்லை. ஆதிலா எழுந்து குசினிக்கு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஆனால் மண்டபத்துச் சோபாவின் நுனியை அவர் விடவில்லை. ஈயக்கட்டி இருக்கிறதே என்றார். வயரை யாரும் ஓட்டலாம், பாரத்தின் கணக்கு அவரிடம்தான் இருக்கிறது, அது இல்லாமல் எருமை நிலத்தை விட்டு எழும்பாது, கட்டாயம் கூப்பிடுவார்கள். நோன்பு போனது, பெருநாள் போனது. ஷிப்லிக்குச் சினேகிதர்கள் வரும் நாட்களில் மட்டும் எழும்பிப் பின்னறைக்கு வந்து, கதவுக்கு வெளியே போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பார். றாஹிலாவும் பைகளைப் புரட்டுவதை நிறுத்தவில்லை. தட்டினால் உதிர்ந்த காலம் முடிந்து, தட்டினால் கட்டை திருப்பியடிக்கிற காலம் வந்தபோதும் புரட்டினாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவளும் ஸம்றாவும் ஒரு பையைத் தூக்க, தாள் கிழிந்து கழன்று விழுந்தது. உள்ளே பையின் வடிவத்தில், தையல் மடிப்புக்கூட அப்படியே பதிந்த கல். ஸம்றா காலால் தட்டிப் பார்த்தாள்.

"வாசலுக்குப் படியாப் போடலாம் உம்மா."

"எந்த வாசலுக்கு?" என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாதென்று றாஹிலா நினைத்தாள்.

இருவரும் கைத்தூசியைத் தட்டியபடி மண்டபத்துக்குள் வந்தபோது, மீராசா அன்று ஜும்ஆ முடிந்து நேரத்தோடு வந்து சோபாவில் இருந்தார். தொப்பியைக் கழற்றவில்லை. போனில் நளீம் ஒரு படம் அனுப்பியிருந்தார், சொல் ஒன்றுமில்லாமல். றாஹிலா எட்டிப் பார்த்தாள். எருமை வெயிலில் நின்றது. முன்னால் பழைய மானிகள் இருந்த இடத்தில் கண்ணாடி மின்னியது. இரண்டாவது படம் பின்னிருக்கைக்குப் பின்னால் எடுத்தது: றேடியோப் பெட்டி இருந்த தட்டில், நாலு மூலையும் திருகாணி பூட்டி, சாம்பல் நிறத்தில் ஒரு ஈயக்கட்டி. மேலே எடையை அச்சடித்து ஒட்டியிருந்தார்கள்.

"நிறுத்துப் பாத்திரிப்பானுகள்" என்றார் மீராசா. "தராசில ஏத்தினாத் தெரியிற விஷயம்தான்."

"உங்கட கணக்கும் அதுதானா?"

அவர் படத்தைப் பெரிதாக்கினார், எண்ணை வாசிக்க முயன்றார், கண்ணை இடுக்கினார். றாஹிலா அதை வாசித்துச் சொல்லியிருக்கலாம். அவள் சீமெந்து பிடித்த உள்ளங்கையை விரலால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

ஸம்றா சுவரோரமாக நின்றாள். அவளுடைய போனிலும் ஒரு அழைப்பு வந்திருந்தது. அதைத் திருப்பிக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"வாப்பா, சம்மாந்துறையால மாப்பிள்ளட உம்மா, மாமி போன் எடுத்த. ஹஜ்ஜுப் பெருநாளைக்குள்ள ஊடு முடியுமாமா எண்டு கேக்காங்க. முடியாட்டி மனசில ஒண்டும் வெச்சிக்கொள்ள வாணாமாம், அவங்க வேற இடம் பாக்கப் போறாங்களாம். பின்னேரம் மறுகா எடுப்பாங்க. நான் என்ன சொல்ற?"

மீராசா இரண்டு விரலால் படத்தை இன்னும் பெரிதாக்கினார். திரை முழுவதும் ஈயத்தின் சாம்பல் நிறமாயிற்று. றாஹிலா மகளைப் பார்த்தாள், பிறகு தன் கையைப் பார்த்தாள். வெளியில் ஷிப்லியின் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவன் வந்தால் உட்காராமல் மரியாதைக்கு நிற்பான் என்று மீராசா காலை ஒடுக்கிக்கொண்டார்.

வாப்பாவின் போன் வெளிச்சம் தானாக அணையும்வரை ஸம்றா நின்றாள். பிறகு திரைச்சீலையை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.