டிபன் பாக்ஸில் மனோரஞ்சிதம்

மனைவியின் கழுத்தில் இருந்த கட்டியில் ஊசி குத்திச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் போன் வரும் என்றார்கள். அப்போது மணி பதினொன்றுகூட ஆகவில்லை.

பஸ் ஐந்து நிமிடம் தாமதமானாலே எங்கேயோ கவிழ்ந்துவிட்டது என்று முடிவுகட்டுகிற ஆள் நான். வீட்டில் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "இப்படியே இருந்தா எனக்கு முன்னாடி நீங்க படுத்துருவீங்க. அந்த ஜமீன் தோட்டத்தப் பாத்துட்டு வருவோம், கெளம்புங்க" என்றாள் அவள். இத்தனை வருடம் கோவில்பட்டியில் குடியிருந்தும் நாங்கள் அங்கே போனதில்லை. வெளியூர்க்காரர்கள்தான் போவார்கள்.

வழி நெடுக, பருத்தி எடுத்து முடித்த கரிசல் வெடிப்பு விட்டுக் கிடந்தது. மதில் சுவருக்கு உள்ளே ஒரே நிழல். எங்கெங்கிருந்தோ மரக்கன்று வரவழைத்த ஜமீன்தார், கரிசலில் அவை நிற்காது என்று குழி குழியாகத் தோண்டி, வண்டி வண்டியாகச் செம்மண் கொண்டுவந்து நிரப்பியிருக்கிறார். ஒவ்வொரு மரத்திலும் தகரத்தில் பெயர் எழுதித் தொங்கவிட்டிருந்தது. அவள் நிதானமாக வாசித்துக்கொண்டே வந்தாள். நடுவில் பெஞ்சில் உட்கார்ந்து, டிபன் பாக்ஸில் இருந்த கடம்பூர் போளியில் என் பங்கையும் சேர்த்துத் தின்றாள். நான் போனை எடுத்து எடுத்து மணி பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் மனோரஞ்சிதக் கொடி. பூ இலையோடு இலையாகப் பச்சையாக இருக்கும். முற்றி மஞ்சளானால்தான் தெரியும். எந்தப் பழத்தை நினைத்துக்கொண்டு மோந்தாலும் அந்தப் பழத்தின் வாசம் வரும் என்பார்கள். உதிர்ந்து கிடந்த ஒன்றை எடுத்து மோந்து, "பலாப்பழம்" என்றாள். என்னிடம் நீட்டினாள். எனக்கு ஆஸ்பத்திரி பினாயில் வாசம்தான் வந்தது. "மாம்பழம்" என்றேன்.

கொடிக்கு அடியில், விழுந்த விதையிலிருந்து கன்றுகள் முளைத்திருந்தன. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தலையிலிருந்த ஹேர்பின்னால் ஒன்றை நெம்பி எடுத்து, ஈரமண்ணோடு டிபன் பாக்ஸில் வைத்து மூடினாள்.

"கேட்டுட்டு எடுப்போமே" என்றேன்.

"கேட்டு வாங்குன செடி தழையாது. திருடி வச்சாத்தான் வரும்."

எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோருக்கும் இந்தச் சட்டம் தெரியும். வாசலில் பையைச் சோதிக்கிறார்கள் என்று உள்ளே வரும்போதே பார்த்திருந்தேன். கன்று பிடிபடாமல் வெளியே வந்துவிட்டால் ரிசல்ட்டும் நல்லபடியாக வரும் என்று, யாரும் கேட்காமலே நானாக ஒரு பந்தயம் கட்டிக்கொண்டேன்.

"அண்ணாச்சி, அந்த டிபன் பாக்ஸக் கொஞ்சம் தொறங்க" என்றார் வாட்ச்மேன்.

திறக்கிற அவசரத்தில் மூடி கீழே விழுந்தது. அவர் கன்றைப் பார்த்தார். அவள் கழுத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பார்த்தார். குனிந்து மூடியை எடுத்துக் கொடுத்தார். "வெதையில வந்தது பூக்க நாலஞ்சு வருசம் ஆகும்க்கா. செம்மண்ணு போட்டு வைங்க."

இது பிடிபட்ட கணக்கா, தப்பித்த கணக்கா என்று எனக்கு விளங்கவில்லை. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தவள் சிரித்தாள். "நாலஞ்சு வருசமாம்லா. அது பூக்குத வரைக்கும் எனக்கு ஒண்ணும் வராது, பாருங்க."

ரிசல்ட் நாங்கள் பயந்தபடியேதான் வந்தது. ஆபரேஷன், மதுரைக்கு அலைச்சல், முடி கொட்டி மறுபடி முளைத்தது எல்லாம் ஆயிற்று. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை செக்கப். டாக்டர் இதுவரை குறை சொல்லவில்லை. கன்றை அந்த வாரமே புறவாசலில் குழி தோண்டி, செம்மண் நிரப்பி வைத்துவிட்டாள். தண்ணீர் ஊற்றுவது அவள் வேலை. தினமும் காலையில் இலை இலையாக விலக்கிப் பார்ப்பது என் வேலை. பூ இல்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்குக் காபி இறங்கும். நாலு வருடம் முடிந்து ஐந்தும் வந்தது.

போன மாதம், செக்கப்புக்கு இரண்டு நாள் முன்னால், புறவாசல் கதவைத் திறந்ததுமே வாசம் வந்துவிட்டது. தேடிப் பிடித்தேன். ஒரே ஒரு பூ, மஞ்சளாகியிருந்தது. பயத்தில் எனக்கு வேறெதுவும் ஓடவில்லை. காம்போடு கிள்ளிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

காபி கொண்டுவந்தவள் வாசம் பிடித்து நின்றாள். என் சட்டைப்பைக்குள் கைவிட்டுப் பூவை எடுத்தாள். மோந்து பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"கொடியிலயே விட்டிருந்தா காய்ச்சு வெத விழுந்திருக்கும்லா" என்றாள். "இன்னொரு கன்னு வச்சிருப்பேன். இன்னும் ஒரு நாலஞ்சு வருசம் கெடச்சிருக்கும்."