சுவரோரத்து மேஜை

அந்தத் தையல் கடையில் எல்லோருக்கும் அவள் காஜா அக்கா. சட்டைகளுக்குக் காஜா எடுத்து, அதாவது பொத்தான் துளை போட்டு, பொத்தான் தைப்பது அவள் வேலை. கல்யாணத்துக்கு முன்பு உட்கார்ந்த அதே முக்காலியில், தலையில் நரை எட்டிப் பார்க்கும் வயதிலும் உட்கார்ந்திருந்தாள். கண் மட்டும் சுவரோரம் கிடந்த நீள மேஜை மேலேயே இருக்கும். மாஸ்டர் அங்கே துணியை விரித்து, சாக்கட்டியால் கோடு போட்டு, கத்திரிக்கோலை ஓட்டும்போது கரகரவென்று ஒரு சத்தம் வருமே, அதைக் கேட்டால் அவளுக்குப் பசிகூட மறந்துபோகும்.

அவளுக்குத் துணி வெட்ட வேண்டும். ஆசை அவ்வளவுதான். ஆனால் வலது கையில் கட்டைவிரல் இல்லை. சின்ன வயதில் ஒரு வேன் கதவு நசுக்கியதில் போயிற்று. ஊசி பிடிக்க இடது கை பழகிவிட்டது. அதே கையால் வெட்டலாமே என்று சொல்வது சுலபம். கடையில் விற்கிற கத்திரிக்கோல் எல்லாம் வலது கைக்காரர்களை மனதில் வைத்துச் செய்தவை. இடது கையில் பிடித்தால் மேல் அலகு கோட்டை மறைக்கும், துணி வெட்டுப்படாமல் நடுவில் மடங்கி மாட்டிக்கொள்ளும்.

"உன் கையில கத்திரிக்கோலைக் கொடுத்தா துணி கதறும்மா" என்றார் மாஸ்டர். கடையும் அவருடையதுதான். வாய் கொஞ்சம் நீளம். "காஜா நல்லா எடுக்கற. அதோட நிம்மதியா இரேன்."

நிம்மதியாக இருப்பதற்கு அவளுக்கு இஷ்டமில்லை. வீட்டுத் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து வெட்ட ஆரம்பித்தாள். பேப்பர் தீர்ந்ததும் தலையணை உறை. அதுவும் தீர்ந்ததும் படுக்கை விரிப்பு. லாரி ஓட்டும் கணவன் வெளியூர் போய்த் திரும்பும்போதெல்லாம் வீட்டில் ஏதாவது ஒன்று துண்டு துண்டாகக் கிடக்கும்.

"என் துணியெல்லாம் பத்திரமா இருக்கா? இல்ல, நான் லாரியிலயே தங்கிடட்டுமா?"

"நீங்க போட்டிருக்கறது மட்டும்தான் பாக்கி. பேசாம இருங்க, வெட்டு கோணிக்கப் போகுது."

இடது கட்டைவிரலை வெளியே தள்ளாமல் உள்ளங்கைப் பக்கம் இழுத்துப் பிடித்தால் துணி மடங்குவதில்லை என்று கண்டுபிடிப்பதற்குள் விரலில் காப்புக் காய்த்துவிட்டது. கோடு மறைந்தால் எழுந்து துணியைச் சுற்றிப் போய், கோடு தெரிகிற பக்கமாக உட்கார்ந்துகொள்வாள். அப்படித்தான் கை பழகியது.

ஒரு நாள் கணவனுக்குச் சட்டைத்துணி வாங்கிக்கொண்டு கடைக்குப் போனாள். "மாஸ்டர், இது என் துணி. உங்க மேஜையில, உங்க கண் முன்னால வெட்டறேன். சரியா வந்தா எனக்கு மேஜையில இடம் குடுங்க. வரலேன்னா இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

மாஸ்டர் ஓரமாக நகர்ந்து கையைக் கட்டிக்கொண்டார். தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

மேஜைக்கு முன்னால் நின்ற பிறகுதான் அவளுக்குச் சிக்கல் உறைத்தது. தரையில் சுற்றி வரலாம். சுவரை ஒட்டிக் கிடக்கும் மேஜையை எப்படிச் சுற்றுவது? தான் நகர முடியாததால், அவசரத்தில் துணியைப் புரட்டிப் போட்டு மறுபக்கத்தில் கோடு போட்டாள். வெட்டும்போது கோடு மறையவில்லை. கத்திரிக்கோலும் வழுக்கிக்கொண்டு ஓடியது. அவள் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

மாஸ்டர் முன்பக்கத் துண்டுகள் இரண்டையும் எடுத்து நல்ல பக்கம் வெளியே தெரியும்படி தன் மார்பில் வைத்துக் காட்டினார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். துணி புரண்டதில் இடமும் வலமும் மாறி, காஜா பட்டி பெண்கள் சட்டையில் வருவதுபோல் வலது பக்கம் வந்திருந்தது. காலமெல்லாம் காஜா எடுத்தவளுக்கு, காஜா எந்தப் பக்கம் என்பதே தவறிவிட்டது!

"சரி, விடும்மா. உன் வீட்டுக்காரர் தங்கச்சி போட்டுக்கட்டும்" என்றார் ஒரு தையல்காரர்.

அவளுக்குக் காது மடல் வரை சுட்டது. பைக்குள் கைவிட்டு, அதே துணியில் இன்னொன்றை எடுத்தாள்.

"ஒண்ணு வீணாப் போகும்னு தெரியும் மாஸ்டர். அதான் ரெண்டு வாங்கினேன்."

"பேச்சு ஒரு துணிக்குத்தானே?"

"நான் சட்டை வெட்டறேன்னுதான் சொன்னேன். இன்னும் சட்டை வரலையே."

மாஸ்டர் வாய் திறப்பதற்குள் செருப்பைக் கழற்றினாள். முக்காலியில் ஏறி, அங்கிருந்து மேஜை மேலேயே ஏறிவிட்டாள்.

"ஏய், ஏய்! மேஜை மேல காலை வைக்கறியா!"

"சுவரை நகர்த்த முடியாதில்ல மாஸ்டர், நான்தானே நகரணும்."

சுவரில் முதுகு உரச முட்டிபோட்டு உட்கார்ந்தாள். இந்த முறை துணியைத் தொட்டு, நல்ல பக்கம் எது என்று இரண்டு தடவை பார்த்தாள். பிறகு கோடு போட்டாள், வெட்டினாள். ஒருவரும் சிரிக்கவில்லை. கரகரவென்ற அந்தச் சத்தம் மட்டும் கேட்டது. இத்தனை வருஷம் தூரத்திலிருந்து கேட்ட சத்தம் இப்போது அவள் கையிலிருந்தே வந்தது. முட்டி வலித்தது, கண்ணில் நீர் கோத்தது, கை மட்டும் ஆடவில்லை.

மாஸ்டர் டேப்பை எடுத்துக் கழுத்து, தோள், கை என்று அளந்தார். மறுபடியும் அளந்தார். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "எல்லாரும் வேலையைப் பாருங்க" என்றார். அவள் முக்காலிக்கே திரும்பினாள். அவர் என்ன நினைக்கிறார் என்று அன்று முழுக்கப் பிடிபடவில்லை.

மறுநாள் காலை கடைக்குள் நுழைந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். மேஜை சுவரை விட்டு விலகிக் கிடந்தது. இடையில் ஓர் ஆள் தாராளமாக நிற்கலாம். மேஜை மேல் வெட்டாத துணி ஒன்று, பக்கத்தில் சாக்கட்டி.

மாஸ்டர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "பின்னால ஒரே குப்பை. பெருக்கறதுக்காகத்தான் இழுத்தேன்."

பெருக்கியதற்கான அடையாளம் எதுவும் இல்லை. அத்தனை வருஷத்துத் தூசியும் நூல் துண்டுகளும் அப்படியே கிடந்தன. அவள் போய் அதன் மேலேயே நின்று, இடது கையில் கத்திரிக்கோலை எடுத்தாள்.