நாற்பத்திரண்டு சான்றிதழ்கள்

நான் மாடியில் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரரை ஊரே ‘விசில்’ என்றுதான் கூப்பிடும். இருபத்தெட்டு வருஷம் பஸ் கண்டக்டர். ஓய்வு பெற்றதும் தேர்தலில் நின்று வார்டு உறுப்பினரானார். மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகள் இதே நகரில்தான் இருக்கிறாள், பேச்சுவார்த்தை இல்லாமல். டான்ஸ் படிக்கப் போகிறேன் என்று அவள் சொன்னபோது, “ஆடி என்னத்தக் கிழிக்கப் போற?” என்று கேட்டவர் இவர். அவள் பெட்டியைக் கட்டி ஏழு வருஷமாகிறது.

இந்த வருஷம் அவள் ஆசிரியையாகச் சேர்ந்திருக்கும் நடனப் பள்ளியின் ஆண்டு விழா. வழக்கம்போல் வார்டு உறுப்பினர்தான் சிறப்பு விருந்தினர். அழைப்பிதழைப் பள்ளி ஆபீஸ் ஆள் கொண்டுவந்து கொடுத்தார்.

“ஒரு தடவை அப்பான்னு கூப்பிட்டாப் போதும்,” என்றார் வீட்டுக்காரர், மூன்றாவது சட்டையை மாட்டிக்கொண்டே. “இது பரவாயில்லையா?”

“மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க சார்.”

“கிண்டலா? கிளம்புங்க, துணைக்கு.”

முன்வரிசை சோபாவில் இரண்டு அட்டைகள்: ‘சிறப்பு விருந்தினர்’, ‘துணைவியார்’.

“பக்கத்துல உக்காருங்க.”

“சார், துணைவியார்னு போட்டிருக்கு!”

சிரித்தார். அந்த அட்டையை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நான் பின்வரிசைக்கு நழுவினேன். கூட்டம் நின்றுகொண்டு பார்த்தது; அந்த இடத்தில் மட்டும் கடைசிவரை யாரும் உட்காரவில்லை.

சான்றிதழ் கொடுக்க மேடைக்கு அழைத்தார்கள். மகள் அவருக்கு இடப்பக்கம் நின்று மைக்கில் பெயரை வாசித்து, சான்றிதழை அவரிடம் நீட்டினாள். நாற்பத்திரண்டு பிள்ளைகள். படியில் அவர்கள் முண்டியடிக்க, பழக்கதோஷத்தில், “உள்ள போங்க, உள்ள போங்க! படியில நிக்காதீங்க!” என்று குரல் கொடுத்தார். அரங்கமே சிரித்தது. அவள் பட்டியலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அவர் இடது கையை நீட்டவே இல்லை. ஒவ்வொரு தடவையும் உடம்பையே திருப்பி வலது கையால் வாங்கினார். ஐந்தாவது பெயர் முடிந்ததும் அவள் மைக்கைத் தூக்கிக்கொண்டு, அவருக்குப் பின்னால் சுற்றி, வலப்பக்கம் வந்து நின்றாள். அடுத்த பெயரை வாசித்தாள்.

முடிவில், “வார்டு உறுப்பினர் ஐயாவுக்கு நன்றி,” என்றாள். திரைக்குப் பின்னால் போய்விட்டாள்.

வீட்டு வாசலில் அவர் சாவியைத் துழாவியபோது அந்த அட்டை கீழே விழுந்தது. குனிந்து எடுத்தார்.

“பக்கம் மாறி நின்னா, பாத்தீங்களா?”

“பாத்தேன் சார்.”

“பஸ் கம்பியப் பிடிச்சுப் பிடிச்சு இந்த இடது தோளு போன விஷயம் அவளுக்கும் அவ அம்மாவுக்கும்தான் தெரியும்.” அட்டையைத் துடைத்தார். “தேர்தல் எப்போ வருது?”

“ரெண்டு வருஷம் இருக்கே.”

“அப்ப இன்னும் ரெண்டு விழா,” என்று சொல்லிக் கதவைத் திறந்தார்.